வாய்மையும் தீங்கின்மையும்: செட்டிநாட்டை முன்வைத்து ஆய்வறம்

சமூக அறிவியலின் மூலப்பொருள் பிறர் வாழ்க்கை. மானிடவியலாளரும் வரலாற்றாசிரியரும் பொருளியலாளரும் கேட்டும் பார்த்தும் படியெடுத்தும் சேர்ப்பவை யாரோ ஒருவரின் வருமானம், கடன், திருமணம், நோய், வழக்கு, நேர்த்திக்கடன். அவற்றைத் திரிக்காமல் எழுதுவது ஆய்வாளரின் கடமை. எழுதியதால் அவருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் கடமை. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எதற்கு முதலிடம் என்பதே ஆய்வறத்தின் அடிப்படைக் கேள்வி. வாய்மைக்கும் இன்னா செய்யாமைக்கும் என்ன உறவு என்று சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவந்ததும் இதைத்தான்.

இக்கேள்வியைச் சோதித்துப் பார்க்கச் செட்டிநாடு ஏற்ற இடம். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், கானாடுகாத்தான் என எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகம் அளவில் சிறியது. ஆனால் எழுதிவைப்பதில் அதற்கு இணையானவை குறைவு. பேரேடு, சிட்டை, ஐந்தொகை, மொய்க்கணக்கு, திருமணத்தன்று எழுதும் இசைகுடிமானம், கோயில் பதிவேடு என வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் ஏடு உண்டு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் முதல், அவர்களது வணிகத்தை ஆராய்ந்த டேவிட் ரட்னரின் நூல் (1994), பெண்களின் சொத்துரிமையை ஆராய்ந்த யூகோ நிஷிமுராவின் நூல் (1998) வரை வெளியார் பலர் இச்சமூகத்தை எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு வட்டத்தில், இவ்வளவு ஏடுகளுக்கு நடுவே, ஒருவரின் அந்தரங்கம் என்பது எது?

வாய்மைக்கு வரம்பு உண்டா?

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கௌசிகன் என்ற தவசியின் கதை வருகிறது. பொய் பேசுவதில்லை என்று விரதம் பூண்டவன். கொள்ளையருக்கு அஞ்சிச் சிலர் அவனிருந்த காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்டபோது, ஒளிந்த இடத்தை உள்ளபடியே சொல்லிவிடுகிறான். அவர்கள் கொல்லப்படுகிறார்கள், கௌசிகன் நரகம் புகுகிறான். அருச்சுனனுக்கு இதைச் சொல்லும் கண்ணன், உண்மை எது என்பது சொல்லின் விளைவையும் சேர்த்தே தீர்மானிக்கப்படும் என்று உணர்த்துகிறான். சமணமும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஐந்து விரதங்களில் கொல்லாமை தலையாயது. வாய்மை அதற்கு அடங்கி ஒழுகவேண்டும்.

செருமானியத் தத்துவவாதி கான்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரையில் நேர்மாறான முடிவுக்கு வந்தார். கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்பது அவர் வாதம். ஆனால் மனிதரை எந்நிலையிலும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்று நிறுவியவரும் அவரே. ஆய்வறம் அவரது முதல் வாதத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றிக்கொண்டது. தகவல் தருபவர் நூலொன்றுக்கான கருவி அல்லர் என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது.

திருக்குறளின் வாய்மை அதிகாரம் இம்மோதலை வேறு வழியில் தீர்க்கிறது. வாய்மை ஒரு பக்கம், தீங்கின்மை மறுபக்கம் என்று தராசில் வைக்காமல், பிறருக்குத் தீமை தராத சொல்லே வாய்மை என்று இலக்கணமே வகுத்துவிடுகிறது. இதை அப்படியே ஏற்றால் ஆய்வாளருக்கு ஒரு நெருக்கடி வரும். ஊர்ப் பெரியவர் ஒருவரின் சுரண்டலை வெளிப்படுத்துவது அவருக்குத் தீங்குதான். அதனால் அது வாய்மை ஆகாதா? குற்றமற்ற நன்மை விளைவது எது என்பதையும் அதே அதிகாரம் அளவுகோலாக வைப்பதால், தீங்கு யாருக்கு, நன்மை யாருக்கு, இருவரில் வலிமை குறைந்தவர் யார் என்று கேட்காமல் விடை காண முடியாது.

யாருடைய ஒப்புதல்?

நாஜி மருத்துவர்களின் வழக்கில் 1947இல் பிறந்த நியூரம்பர்க் நெறிகள், சோதனைக்கு உட்படுபவரின் தன்விருப்ப ஒப்புதலை முதல் விதியாக்கின. 1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகளை வகுத்தது. இரண்டுமே தனிமனிதரை அலகாகக் கொள்பவை. கையெழுத்திடும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல ஒப்புகிறார் என்பது அவற்றின் அனுமானம்.

செட்டிநாட்டில் அலகு வேறு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவரே நகரத்தார். திருமணத்துக்குக் கோயில் மாலை வரும். மணமக்கள் சேர்ந்து ஒரு புள்ளியாகப் பதிவாவார்கள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயிலுக்கான வரி புள்ளிக் கணக்கில்தான் விழும். மணமானவர்களை வேறுவைக்கும் வழக்கமும் உண்டு. ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பிகள் இருந்தாலும் அடுப்பு வேறு, செலவு வேறு, கணக்கு வேறு.

இத்தகைய வீட்டில் மூத்த செட்டியார் ஒப்புதல் தந்துவிட்டார் என்பதால் மருமகளாக வந்த ஆச்சியின் சீர்வரிசைக் கணக்கை எடுத்து எழுதிவிட முடியாது. அது அவருடைய புள்ளிக்குரியது. அவருடைய பிறந்த வீட்டுக்கும் அதில் பங்குண்டு. மாறாக, அந்த ஆச்சி மனமுவந்து சொல்லும் குடும்பக் கதையில் ஒப்புதல் தராத கொழுந்தனும் நாத்தனாரும் இருப்பார்கள். ஒருவரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அவருடையது மட்டுமாக இருப்பதில்லை. ஒப்புதல் படிவத்தில் ஒரு கையெழுத்து போதும் என்ற எண்ணம் இங்கே சரிந்துவிடுகிறது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே அந்தரங்கத்தின் தன்மையை விளக்கப் போதுமானது. முகப்பில் வெளியாரும் வணிகத் தொடர்புடையவரும் அமரலாம். வளவு குடும்பத்தின் சடங்குகளுக்குரியது. இரண்டாங்கட்டிலும் அடுப்படியிலும் பெண்கள் பேசுவது முகப்புக்கு வராது. எந்தப் பேச்சும் முழு இரகசியம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அது புழங்கத் தகுந்த கட்டு உண்டு. தகவல் நெறியியலாளர் ஹெலன் நிசன்பாம் 2000களில் முன்வைத்த கோட்பாடும் இதையொட்டியதே. ஒரு சூழலில் ஒரு நம்பிக்கையின் பேரில் பகிரப்பட்டதை அந்நம்பிக்கைக்குப் பொருந்தாத சூழலுக்குக் கொண்டுபோவதே அந்தரங்க மீறல் என்பார் அவர். இரண்டாங்கட்டில் கேட்டதை முகப்பில் வைப்பவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தவறு செய்கிறார்.

பெயர் நீக்கமும் வேம்பும்

தீங்கைத் தவிர்க்க ஆய்வாளர்கள் வழக்கமாகக் கையாளும் உத்தி, பெயரை மாற்றுவது. ஆந்த்ரே பெத்தேயின் ஸ்ரீபுரமும் கேத்லீன் கஃப்பின் கும்பப்பேட்டையும் தஞ்சைப் பகுதி ஊர்களின் மாற்றுப்பெயர்கள். இராமநாதபுரம், சிவகங்கை வறள்நிலப் பகுதியில் 1980களில் களப்பணி தொடங்கிய டேவிட் மோஸ், தாம் ஆராய்ந்த ஊரை ஆலாபுரம் என்று குறித்தார்.

தமிழ் மரபுக்கு இது புதிதல்ல. அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. காதலும் பிரிவும் ஊடலும் எவ்வளவு நுணுக்கமாகவும் பாடப்படலாம். இன்னாருடையது என்று மட்டும் தெரியக்கூடாது. போர், கொடை, ஆட்சி ஆகிய புறச்செய்திகளில் பெயர் வரலாம்; வரவும் வேண்டும். அகம், புறம் என்ற பிரிவில் பெயர் சுட்டுதலை ஓர் எல்லைக்கல்லாக நிறுத்திய இலக்கணம் அது.

அந்த விதியின் வலுவின்மையும் அன்றே வெளிப்பட்டது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரசனின் பெயர் எங்குமில்லை. பிரிவால் வாடும் தலைவியும் பாசறையில் இருக்கும் தலைவனும் அகப்பாடலுக்குரியவர்களே. ஆனால் வீரன் ஏந்திய வேலில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அதனால் தலைவன் பாண்டியன் என்பது வெளிப்பட்டுவிடுகிறது என்று கொண்டு, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அப்பாடலைப் புறத்தில் சேர்த்தார். பெயரை நீக்கியும் ஒரு தழை ஆளைக் காட்டிக்கொடுத்தது.

இன்றைய தரவு அறிவியல் கண்டதும் இதே உண்மை. அஞ்சல் எண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணமுடியும் என்று லட்டான்யா ஸ்வீனி 2000இல் கணித்துக் காட்டினார். செட்டிநாட்டில் மூன்றுகூட வேண்டாம். ‘இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்த, மலாயாவில் கடை வைத்திருந்த, ஆண் வாரிசின்றித் தத்தெடுத்த குடும்பம்’ என்று எழுதினால் அந்த ஊரில் எந்த வீடு என்று விசாரிக்க வேண்டியதில்லை. கோயிலும் அதன் உட்பிரிவும் ஊரும் சேர்ந்தால் வட்டம் சில வீடுகளாகச் சுருங்கிவிடும்.

நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரொன்றை ஸ்பிரிங்டேல் என்று பெயர் மாற்றி விடிச்சும் பென்ஸ்மனும் 1958இல் நூல் வெளியிட்டனர். ஊரார் ஒவ்வொரு பாத்திரத்தையும் அடையாளம் கண்டுகொண்டார்கள். விடுதலை நாள் ஊர்வலத்தில் எருவண்டியின் மேல் ஆய்வாளரின் உருவபொம்மையைக் குனியவைத்து இழுத்துப் போனார்கள். உலகத்துக்கு மறைந்தது, மறையவேண்டிய இடமான ஊருக்குள் மறையவில்லை. தகவல் தந்தவருக்கு ஆபத்து பெரும்பாலும் தொலைதூர வாசகரால் வருவதில்லை; பங்காளியாலும் அண்டை வீட்டாராலும்தான் வருகிறது.

கூட்டத்தின் அந்தரங்கம்

தனிமனிதர் எவரும் வெளிப்படாமலே ஒரு கூட்டம் முழுவதும் பாதிக்கப்படலாம். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். சாதிக்கு ஒரு குணம் உண்டு, அது உடலிலும் பதிந்திருக்கும் என்ற நம்பிக்கை அக்கால ஆய்வின் அடித்தளம். அதே நம்பிக்கையில் எழுந்ததுதான் தென்மாவட்டங்களில் ரேகைச் சட்டம் என்று அழைக்கப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம். 1871இல் வடக்கே தொடங்கி 1911இன் திருத்தச் சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. மதுரைப் பகுதிக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்கள் பிறப்பினாலேயே காவல் நிலையப் பதிவேட்டில் ஏறின. 1947இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்படும்வரை, ‘இந்தக் கூட்டம் இப்படிப்பட்டது’ என்ற ஒரு வாக்கியத்தின் சுமையைத் தலைமுறைகள் சுமந்தன.

நகரத்தாரைத் தொட்ட எடுத்துக்காட்டு பர்மாவில் இருக்கிறது. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல் செட்டியார் கடைகளின் எண்ணிக்கையையும் மூலதனத்தையும் விரிவாகத் திரட்டியது. ஏறத்தாழ 1,650 கடைகள், சுமார் 75 கோடி ரூபாய் முதலீடு என்பது அதன் மதிப்பீடு. பிறகு நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவர்களின் நிலம் அடைமானத்திலிருந்து மீளவில்லை. தாழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1937இல் சுமார் 25 விழுக்காடானது. உழவரின் இழப்பும் சினமும் மெய்யானவை, புள்ளிவிவரமும் மெய்யானது. ஆனால் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் தனியே நிறுத்தினால், காரணம் மறைந்து கூட்டம் மட்டும் குற்றவாளியாக நிற்கும். எண்களில் தனிமனிதர் பெயர் இல்லை என்பதால் அவை தீங்கற்றவை ஆகிவிடுவதில்லை.

இறந்தவரும் கடன்பட்டவரும்

பாகம் பிரிந்து, பராமரிக்க ஆளின்றிச் செட்டிநாட்டில் பல வீடுகள் இடிக்கப்பட்டன. தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. புகைப்படங்களும் அவற்றோடு வந்தன. வீட்டுக் காகிதங்களும் இப்படியே கைமாறக்கூடியவை. விலைக்கு வாங்கிய பேரேட்டை ஆய்வாளர் படிக்கலாமா? எழுதிய செட்டியார் இறந்துவிட்டார். விற்ற வாரிசு ஒப்பினார். ஆனால் ஏட்டில் இருப்பவை பெரும்பாலும் கடன் வாங்கியவரின் பெயர்களும் வட்டியும் அடகுப் பொருளும். ரங்கூனிலோ ஈப்போவிலோ கொழும்பிலோ இருக்கும் அவர்களது பேரப்பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

எதிர்வாதமும் வலுவானது. ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒப்புதல் தேடினால் வரலாறே எழுத முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைக்காதிருந்தால், அவர் 1992இல் மறைந்தபின் சென்னையில் அவர் பெயரில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் இன்று தரும் தமிழ்ச் சமூக வரலாறு கிடைத்திராது. கீழடியை அடுத்த கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகள் மரபணு ஆய்வுக்குச் சென்றன. அங்கு கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு முகங்களும் மீட்டுருவாக்கப்பட்டன. அவர்களிடம் ஒப்புதல் பெற வழியே இல்லை.

இறந்தவருக்கு உரிமை உண்டா என்பதைவிட, அவர்பால் இருப்பவருக்குக் கடமை உண்டா என்று கேட்பது பயன்தரும். திதியும் படைப்பும் உள்ள மரபில் இரண்டாவதற்கு விடை தெளிவு. செட்டிநாட்டில் முன்னோருக்குப் படைப்பு வீடுகளில் ஆண்டுதோறும் படைக்கிறார்கள். இறப்போடு உறவு முடிவதில்லை. அந்தக் கடமை ஏடுகளைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. கடனாளியின் பெயரை விடுத்து வட்டி விகிதத்தை எழுதலாம். உயிரோடிருப்பவரைத் தொடும் பகுதிகளைக் குறிப்பிட்ட காலம் மூடிவைக்கலாம். ஆவணக்காப்பகங்கள் உலகெங்கும் செய்வதும் இதுவே.

மறைப்பு யாரைக் காக்கிறது?

அந்தரங்கம் வலியவரின் கேடயமாகவும் மாறும். தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமை தலித் மக்களுக்கு மறுக்கப்பட்டு 1990களின் இறுதியில் வெடித்த பூசல், தேரைப் பல்லாண்டுகள் நிறுத்தியது. 2024 ஜூனில் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் தேர் மீண்டும் ஓடியது. இப்படியொரு பூசலை ஆராய்பவர், அச்சத்தோடு பேசும் கூலித் தொழிலாளிக்கும் முதல் மரியாதை பெறும் நாட்டார்க்கும் ஒரே அளவு மறைப்பைத் தருவது நடுநிலை ஆகாது. முன்னவருக்கு முழு மறைப்பு வேண்டும். பின்னவர் ஊரறியப் பொதுப் பொறுப்பில் நின்று செய்தவை புறச்செய்திகள்.

ஆலாபுரத்தை ஆராய்ந்த அதே மோஸ் பின்னர் இச்சிக்கலை நேரடியாகச் சந்தித்தார். மேற்கிந்தியாவில் தாம் ஆலோசகராகப் பணியாற்றிய வளர்ச்சித் திட்டமொன்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 2005இல் வெளிவருமுன், கையெழுத்துப்படியைப் படித்த உடன்பணியாளர் சிலர் தங்கள் நற்பெயர் கெடும் என்று பதிப்பகத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் தொழில்சார் சங்கத்திடமும் முறையிட்டனர். நூல் நிறுத்தப்படவில்லை. ஆய்வுக்கு உள்ளாகும் வறிய உழவர்களுக்கு அந்த அளவு முறையிடும் வாய்ப்பு எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதே இந்நிகழ்வின் பாடம். மறுத்துப் பேச வழியுள்ளவரை விமர்சிப்பதும் வழியில்லாதவரை அம்பலப்படுத்துவதும் ஒன்றாகா.

வாக்குறுதிக்கும் எல்லை உண்டு. வட அயர்லாந்துப் போராளிகளிடம், உயிரோடிருக்கும்வரை வெளியிடுவதில்லை என்ற உறுதியின் பேரில் பாஸ்டன் கல்லூரி எடுத்த நேர்காணல்களை 2011இல் நீதிமன்ற அழைப்பாணை தேடிவந்தது. சில ஒலிநாடாக்கள் காவல்துறையிடம் போய்ச்சேர்ந்தன. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு இந்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆய்வாளரின் களக்குறிப்புக்குக் கிடையாது. காக்க முடியாத இரகசியத்தைக் காப்பதாகச் சொல்வதும் ஒரு பொய்யே.

சட்டம் தருவதும் தராததும்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆய்வு, ஆவணக்காப்பு, புள்ளியியல் ஆகிய நோக்கங்களுக்கு அது விலக்கு அளிக்கிறது. அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட நபர் மீது எந்த முடிவும் எடுக்கக்கூடாது, வகுத்த தரங்களைப் பின்பற்றவேண்டும் என்பன நிபந்தனைகள். காகிதக் குறிப்பேடு சட்டத்துக்கு வெளியே. அதைக் கணினியில் ஏற்றினால் உள்ளே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் சொன்னவை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி எவர் பார்வைக்கும் திறக்கப்படா. மருத்துவம் சார்ந்த சமூக ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிகள் உண்டு.

இவை குறைந்தபட்ச வேலிகள். கோயில், புள்ளி, வளவு ஆகியவற்றைச் சட்டம் அறியாது. கூட்டத்துக்கு நேரும் தீங்கையும் இறந்தவர்பால் உள்ள கடமையையும் அது பேசுவதில்லை. விலக்கு கிடைத்துவிட்டது என்பதாலேயே கடமை தீர்ந்துவிடாது.

முடிவாக, ஒப்புதல் என்பது தொடக்கத்தில் ஒருமுறை வாங்கும் கையெழுத்தாக அமையாமல், எழுதி முடிக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கமாக வேண்டும். மாற்றுப்பெயர் இட்டபின், உள்ளூரார் ஒருவர் படித்தால் எந்த விவரம் ஆளைக் காட்டும் என்று தேடி அதையும் நீக்கவோ மாற்றவோ வேண்டும். மாற்றிய இடங்களில் மாற்றியிருப்பதை வாசகருக்குச் சொல்லிவிட்டால் வாய்மையும் கெடாது. நீக்கினால் வாதமே சிதையும் என்றால் அப்பகுதியை வெளியிடாமல் விடுவதே சரி. வலியவரின் பொதுச்செயலுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. தகவல் தந்தவரின் நம்பிக்கையைக் குலைத்துத்தான் ஓர் உண்மையை நிறுவ முடியும் என்றால், அதை எழுதாமல் விடும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு. பல நேரங்களில் அது அவரது கடமையும்கூட.